கொழும்புத் திட்டம்: ஈந்தோரும் ஏற்றோரும்

ஒரு திட்டத்துக்கு ஓர் ஊரின் பெயர் வாய்ப்பது பெரும்பாலும் தற்செயலாக நிகழ்வது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி தொடங்கி 14ஆம் தேதி வரை பொதுநல நாடுகளின் வெளிநாட்டு மந்திரிமார் கொழும்பிலே கூடியிருந்தனர். அக்கூட்டம் வேறொரு நகரிலே நடந்திருக்குமாயின், தெற்கு ஆசியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் பொருளாதார உதவி வழங்க எழுந்த முதற் பெருமுயற்சி வேறொரு பெயரைத் தாங்கியிருக்கும். எனினும் பெயர் கொழும்பினுடையதாகவே நிலைத்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் மாறவில்லை. அதன் அலுவலகமும் நமது நகரை விட்டுப் பெயரவில்லை. இத்திட்டம் எவ்வாறு பிறந்தது, யார் கொடுத்தனர், யார் பெற்றனர், அதன் பிறப்பிடமாகிய இலங்கைக்கு அது எதனைத் தந்தது, எதனைத் தரவியலாமற் போயிற்று என்பவற்றை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

அக்காலத்து உலக நிலையை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். யுத்தம் முடிந்து ஐந்தாண்டுகள் நிறையவில்லை. இந்தியாவும் பாக்கிஸ்தானும் 1947இலும், பர்மாவும் இலங்கையும் 1948இலும் சுதந்திரம் அடைந்தன. ஒல்லாந்தர் இந்தோனேசியாவை விட்டு நீங்கியது 1949 டிசெம்பர் இறுதியிலேதான். மலாயாவிலே 1948 முதல் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. யாவற்றுக்கும் மேலாக, 1949 ஒக்டோபர் முதலாம் தேதி பீக்கிங் நகரிலே மாவோ சேதுங் மக்கள் குடியரசைப் பிரகடனஞ் செய்தார். கொழும்பு மாநாட்டுக்கு வந்த மந்திரிமாரின் மனத்திலே முதலிடம் பெற்றிருந்தது சீனாவே. புதிய சீன அரசை அங்கீகரிப்பதா இல்லையா என்பதிலே பொதுநல நாடுகளிடையே ஒருமைப்பாடு இருக்கவில்லை. இந்தியா 1949 டிசெம்பர் இறுதியிலேயே அங்கீகரித்துவிட்டது. பாக்கிஸ்தானும் பிரித்தானியாவும் இலங்கையும் ஜனவரியின் முதல் நாள்களிலே அங்கீகரித்தன. அவுஸ்திரேலியாவும் நியூசீலந்தும் அதற்கு உடன்படவில்லை.

மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நமது பிரதம மந்திரி டி. எஸ். சேனநாயக்கா. இந்தியாவிலிருந்து ஜவாஹர்லால் நேரு வந்தார். பிரித்தானிய வெளிநாட்டு மந்திரி ஏர்ணெஸ்ட் பெவின் இருதய நோயினால் மிகவும் நலிவுற்றிருந்த நிலையிலே கப்பலேறி வந்திருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலிலே அவர் காலமானார். கனடாவின் லெஸ்டர் பியர்சன், பாக்கிஸ்தானின் நிதி மந்திரி குலாம் முகம்மது, நியூசீலந்தின் டொய்ட்ஜ் ஆகியோரும் இருந்தனர். அவுஸ்திரேலியாவின் பேர்சி ஸ்பெண்டர் பதவியேற்று மூன்று வாரமே ஆகியிருந்தது. இலங்கையின் சார்பிலே நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா முன்னின்றார்.

இத்திட்டத்தைப் பெற்ற தந்தை யார் என்பதிலே பின்னர் ஒரு சிறு வழக்கு எழுந்தது. அவுஸ்திரேலியர் அதனை ஸ்பெண்டர் திட்டம் என்றே தம்முள் வழங்கினர். இலங்கையரோ ஜயவர்த்தனாவின் யோசனையிலிருந்து பிறந்ததென்றனர். இரு தரப்பிலும் உண்மையுண்டு. ஆசிய நாடுகளின் வறுமையைப் போக்கப் பொதுநல நாடுகள் கூடி முயல வேண்டும் என்ற கருத்தை இருவருமே மாநாட்டின் முன் வைத்தனர். இரண்டும் இணைந்தே தீர்மானமாயின. ஆனால் இருவரின் நோக்கும் ஒன்றென்று சொல்லுதல் இயலாது. ஸ்பெண்டருக்குத் தமது நாட்டின் வடபுறத்தே பொதுவுடைமை பரவிவிடுமோ என்ற அச்சமே பெரிதாக இருந்தது. வயிறு நிறைந்தவன் புரட்சிக்குப் போகான் என்பது அக்காலத்து மேல்நாட்டு அரசியலாளர் பலரின் கணிப்பு. ஜயவர்த்தனாவின் முன்னே நின்றது வேறு கவலை. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் விற்று அரிசி வாங்கி உண்ணும் ஒரு தீவு, இனி எவ்வாறு தன் வயல்களைப் பெருக்கித் தன் காலிலே நிற்பது என்ற கவலை அது. ஒரே தீர்மானத்துக்கு இருவர் இரு வேறு காரணங்களினாற் கையுயர்த்தினர். பின்னர் வந்த ஆண்டுகளிலே நேர்ந்த பல முரண்பாடுகளுக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது என்பது எமது எண்ணம்.

தீர்மானம் நிறைவேறிய பின் காரியம் விரைவாகவே நடந்தது. ஆலோசனைக் குழு 1950 மே மாதத்திலே சிட்னியிலும், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலே இலண்டனிலும் கூடிற்று. நாடுகள் ஒவ்வொன்றும் ஆறாண்டுக்குரிய தத்தம் அபிவிருத்தித் திட்டத்தை வரைந்து கொடுத்தன. அவற்றைத் தொகுத்த அறிக்கை அவ்வாண்டு நவம்பர் 28ஆம் தேதி வெளியாயிற்று. 1951 ஜூலை முதலாம் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அவ்வறிக்கையிலுள்ள எண்களைக் காண்பவர் இன்றும் வியப்படைவர். திட்டத்துக்குட்பட்ட பிரதேசத்திலே அன்று வாழ்ந்தோர் 57 கோடி மக்கள்; உலக சனத்தொகையிலே நாலிலொரு பங்கு. ஆறாண்டுச் செலவு 186 கோடி 80 இலட்சம் பவுண் என மதிக்கப்பட்டது. அதிலே இந்தியாவின் பங்கு 137 கோடி 90 இலட்சம். பாக்கிஸ்தானுக்கு 28 கோடி. மலாயாவுக்கும் போர்ணியோவிலிருந்த பிரித்தானிய நாடுகளுக்கும் 10 கோடி 70 இலட்சம். இலங்கைக்கு 10 கோடி 20 இலட்சம். இம்மொத்தத்திலே 108 கோடி 40 இலட்சம் பவுண் வெளியிலிருந்து வரவேண்டும் என்று கணக்கிட்டனர். பணம் செல்லவேண்டிய துறைகளை நோக்கின், போக்குவரத்துக்கு நூற்றுக்கு 34, விவசாயத்துக்கு 32, வீடு, கல்வி, சுகாதாரம் முதலியவற்றுக்கு 18, கைத்தொழிலுக்கும் சுரங்கத்துக்கும் 10, எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் 6 எனப் பகுத்திருந்தனர். கைத்தொழிலுக்கு ஒதுக்கிய பங்கு எத்துணைச் சிறியது என்பதைக் கவனித்தல் வேண்டும். உணவையும் பாதையையும் முதலிற் செப்பஞ்செய்வோம், ஆலைகள் பின்னர் வரட்டும் என்பதே அன்றைய சிந்தனை. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இந்தியா தனது இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திலே உருக்காலைகளுக்கு முதன்மை தந்து இவ்வரிசையைத் தலைகீழாக்கிற்று.

இதனை ஆசியாவின் மார்ஷல் திட்டம் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. ஒப்புமை பொருந்தாது. 1948 முதல் 1952 வரை ஐரோப்பாவுக்கு அமெரிக்கா வழங்கியது ஏறத்தாழ 1,300 கோடி டொலர். கொடுப்பவர் ஒருவர், பெறுவோர் ஒன்றுகூடி அமர்ந்து பங்கிட்டுக் கொள்ள ஒரு நிறுவனமும் இருந்தது. இடிந்துபோன ஆலைகளை மீண்டும் எழுப்புவது அங்கே வேலை. ஆலையை இயக்கத் தெரிந்த தொழிலாளியும் பொறியியலாளனும் ஏற்கெனவே அங்கிருந்தனர். கொழும்புத் திட்டத்துக்கோ பொது நிதி என்று ஒன்று இல்லை. பொதுத் தீர்ப்பு வழங்கும் சபையும் இல்லை. ஆண்டுதோறும் ஆலோசனைக் குழு கூடும். ஒவ்வொரு நாடும் தன் முன்னேற்றத்தையும் தேவையையும் எடுத்துரைக்கும். பின்னர் கொடுக்கும் நாடும் பெறும் நாடும் தனித்தனியே இருவராக இருந்து பேசி ஒப்பந்தஞ் செய்துகொள்ளும். ஒரு கலியாண வீட்டிலே உறவினர் யாவரும் ஒரே பந்தலிற் கூடினாலும், மொய் கொடுப்பவர் தாம் விரும்பியதைத் தாமே எழுதிவைப்பதைப் போன்றது இது. பந்தல் பொது, கொடை தனி.

கொழும்பிலே அமைந்தது தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கான ஒரு சிறு செயலகம் மட்டுமே. நிபுணர்களை அனுப்புவதற்கும் மாணவரைப் பயிற்றுவதற்கும் முதல் மூன்றாண்டுகளுக்கென 80 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. பெருந்தொகை கேட்ட திட்டத்திலே இது ஒரு மூலையிற் கிடந்த சிறு தொகை. ஆயினும் காலம் கடந்து நின்றது இந்தச் சிறு தொகையினால் விளைந்த பயனே என்பதைப் பின்னர் காண்போம்.

கொடுத்தவர்கள் யாவர்? பிரித்தானியா தன் பங்கைப் பெரும்பாலும் ஸ்டெர்லிங் நிலுவைகளை விடுவித்தல் மூலமாகவே செலுத்திற்று. இதைச் சிறிது விளக்குதல் நலம். யுத்தகாலத்திலே இந்தியாவும் இலங்கையும் பிரித்தானியாவுக்கு அளித்த பொருளுக்கும் சேவைக்கும் உரிய பணம் இலண்டனிலே கணக்காக மட்டும் நின்றது. உடனே எடுத்துச் செலவு செய்ய விடப்படவில்லை. அப்பணத்தைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டதே உதவியின் கணக்கிலும் இடம்பெற்றது. தன் கடனைத் தவணையிலே தீர்ப்பவன் அதற்குக் கொடையாளி என்ற பெயரும் பெறுவது உலகிலே அரிதாக வாய்க்கும் பேறு. பிரித்தானியாவுக்கு அன்றிருந்த பணமுடையை நினைக்கையில் அதனைக் கடுமையாகக் குறைகூறவும் இயலாது. யுத்தத்தினால் அது தானே கடனாளியாகியிருந்தது.

அவுஸ்திரேலியா ஆறாண்டுக்கு இரண்டரைக் கோடி ஸ்டெர்லிங் பவுண் வாக்களித்தது. கனடா முதலிலே பின்வாங்கிற்று. மாநாட்டிலிருந்து திரும்பிய பியர்சன் தமது சகாக்களின் மனத்தை மாற்றப் பல மாதங்கள் பிடித்தன. 1951இலே முதலாண்டுக்கென 2 கோடி 50 இலட்சம் டொலர் வழங்க அந்நாடு இசைந்தது. அந்த ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவும் சேர்ந்தது; சேர்ந்ததும் பெருங் கொடையாளி என்ற இடம் அதற்கே உரியதாயிற்று. பொதுநல நாடுகளின் வட்டம் இவ்வாறு விரிந்தது. பர்மாவும் நேபாளமும் 1952இலே வந்தன. இந்தோனேசியா 1953இலே வந்தது. 1954இலே தாய்லாந்து, பிலிப்பைன் நாடுகளுடன் யப்பானும் சேர்ந்தது.

யப்பானின் வருகையைத் தனியே குறிப்பிடல் வேண்டும். அந்நாடு தாக்கிய, கைப்பற்றிய நாடுகள் பல இந்தத் திட்டத்திலே இருந்தன. திரிகோணமலையிலும் கொழும்பிலும் 1942இலே விழுந்த குண்டுகளை மக்கள் மறந்திருக்கவில்லை. ஆயினும் 1951 செப்டெம்பரிலே சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டிலே ஜயவர்த்தனா இலங்கையின் சார்பிலே நட்டஈடு கோருவதில்லை என்று அறிவித்திருந்தார். 1954 ஒக்டோபர் 6ஆம் தேதி யப்பான் கொழும்புத் திட்டத்தில் அங்கத்துவம் பெற்றது. பெறுபவனாகவன்றிக் கொடுப்பவனாக அந்நாடு உலகின் முன் நின்ற முதல் நாள் அது. இன்றும் அந்த ஒக்டோபர் 6ஆம் தேதியை யப்பானியர் சர்வதேச ஒத்துழைப்பு நாளாகக் கொள்ளுகின்றனர்.

இனி, கொடுத்தவை கண்ணுக்குத் தோன்றும் வடிவெடுத்த இடங்களைப் பார்ப்போம். வங்காளத்தின் வயல்களுக்கு நீர் தரும் மயூராட்சி அணைக்குக் கனடா உதவிற்று. மக்கள் அதனைக் கனடா அணை என்றே அழைக்கலாயினர். பெஷாவருக்கு அருகே காபூல் நதியிலே எழுந்த வார்சாக் அணையும் கனடாவின் உதவியாலானது, 1960இலே நிறைவெய்தியது. தமிழகத்தின் நீலகிரி மலையிலே குந்தா நீர்மின் திட்டத்துக்கும் அந்நாடே இயந்திரங்களை அனுப்பிற்று. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு மின்சாரம் தந்தவற்றுள் அத்திட்டமும் ஒன்று. புதுடில்லியிலே 1952இலே அடிக்கல் நாட்டப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையம் நியூசீலந்தின் பத்து இலட்சம் பவுண் கொடையினால் உருப்பெற்றது. ஆட்டையும் மாட்டையும் வளர்த்து வாழும் ஒரு சிறு நாடு, தன் சனத்தொகையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு மக்களுள்ள நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்விக்கூடத்துக்கு அத்திவாரமிட்டது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நெகிழும்.

எல்லாக் கொடையும் கொடுத்தவர் கருதிய வழியிலே பயன்பட்டதாகச் சொல்வதற்கில்லை. பம்பாய்க்கு அருகே டிராம்பேயிலே கனடா கட்டிக்கொடுத்த ஆராய்ச்சி அணுவுலை கொழும்புத் திட்டக் கணக்கிலே வந்தது. சமாதான நோக்கங்களுக்கே என்று சொல்லி 1960இலே அது இயங்கத் தொடங்கிற்று. 1974 மே 18ஆம் தேதி இந்தியா நிகழ்த்திய அணுவெடிப்புக்கு வேண்டிய புளுத்தோனியம் அவ்வுலையிலிருந்தே வந்தது. கனடா அதன் பின் இந்தியாவுடன் அணுத்துறை ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது.

இலங்கைக்குக் கிடைத்தவற்றுள் யாவரும் அறிந்தவை கனடாவின் டீசல் புகையிரத இயந்திரங்கள். ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரிலே செய்யப்பட்ட அவை 1954 முதல் வந்திறங்கின. கனடாவின் மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினர். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சவான், பிரித்தானிய கொலம்பியா என்ற பெயர்ப்பலகைகளைத் தாங்கிய இயந்திரங்கள் மலைநாட்டுச் சுரங்கவழிகளூடாகவும் வன்னிக் காடுகளூடாகவும் வண்டித் தொடர்களை இழுத்துச் சென்றன. பூகோள பாடத்திலே கனடாவின் மாகாணங்களை மனனஞ் செய்யத் திணறிய சிறுவர்கள் புகையிரத நிலையத்திலே அவற்றை இலகுவாகக் கற்றுக்கொண்டிருப்பர். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வியந்திரங்களுட் சில ஓடிக்கொண்டிருந்தன. கட்டுபெத்தையிலே 1960இலே கனடாவின் உதவியுடன் தொடங்கிய செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் பின்னாளிலே மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மகரகமையிலே பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் காக்கும் தாதியரைப் பயிற்றும் பாடசாலைக்கு நியூசீலந்து துணைநின்றது.

உதவியாக வந்தவற்றுட் கோதுமை மாவும் ஒன்று. அவுஸ்திரேலியாவும் கனடாவும் மாவை அனுப்பும். இலங்கை அரசாங்கம் அதை மக்களுக்கு விற்று, வந்த ரூபாவைத் தனிக் கணக்கிலே இட்டு, குளங்களையும் வாய்க்கால்களையும் திருத்தும் வேலைக்குச் செலவிடும். அன்னிய நாட்டுப் பணம் கொண்டு உள்ளூர்க் கூலி கொடுக்கவியலாது என்ற சிக்கலை இம்முறை தீர்த்தது. கணக்கர்கள் மகிழத்தக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் நெல் விளைவிக்க வேண்டிய வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்காக மக்களைப் பாண் உண்ணப் பழக்கியதிலே ஒரு வேடிக்கை உண்டு.

இவ்வளவும் சொன்ன பின், திட்டத்தின் உள்ளே அடங்காத ஒன்றைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். இலங்கையின் வாழ்வும் தாழ்வும் அணைகளையும் இயந்திரங்களையும் விடத் தேயிலை, இறப்பரின் விலையையும் அரிசியின் விலையையுமே பெரிதும் சார்ந்திருந்தன. 1950 ஜூனிலே கொரிய யுத்தம் மூண்டதும் இறப்பர் விலை வானளாவ உயர்ந்தது. நாட்டிலே பணம் புரண்டது. 1952இலே அவ்விலை வீழ்ந்தது. அதே வேளையிலே உலகச் சந்தையில் அரிசி அரிதாகி விலை ஏறிற்று. விற்பது மலிந்து வாங்குவது ஏறும்பொழுது ஏழை நாட்டின் நிலை யாதாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கொழும்புத் திட்டத்திலே இதற்கு மருந்து எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அணை கட்டவும் ஆளைப் பயிற்றவும் உதவலாம். ஆனால் உமது இறப்பரை இன்ன விலைக்கு வாங்குவோம் என்று கொடையாளர் எவரும் வாக்களிக்கவில்லை.

அவ்வேளையிலே இலங்கை சீனாவை நோக்கித் திரும்பிற்று. வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். 1952 டிசெம்பர் 18ஆம் தேதி ஐந்தாண்டு ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. ஆண்டுதோறும் இலங்கை 50,000 மெற்றிக் தொன் இறப்பர் தரும். சீனா 2,70,000 மெற்றிக் தொன் அரிசி தரும். இறப்பருக்குச் சீனா கொடுத்த விலை சிங்கப்பூர்ச் சந்தை விலையை விடக் கூடியது; அரிசிக்குக் கேட்ட விலையோ உலகச் சந்தையினும் குறைந்தது. பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே இவ்வொப்பந்தத்தைச் செய்தது என்பதை மறத்தலாகாது. பசிக்குக் கட்சி தெரியாது.

இதன் விலையும் சிறிதன்று. கொரிய யுத்தத்தின் காரணமாகச் சீனாவுக்கு யுத்தத்துக்குதவும் பண்டங்களை விற்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்திலே தீர்மானித்திருந்தது. இலங்கை அன்று அச்சபையின் அங்கத்துவ நாடன்று. 1955இலேதான் அதற்கு இடங்கிடைத்தது. அமெரிக்காவின் பற்றில் சட்டமோ அவ்வகைப் பண்டங்களை விற்கும் நாட்டுக்குப் பொருளாதார உதவியை மறுத்தது. ஆகவே, எந்நகரிலே கொழும்புத் திட்டம் பிறந்ததோ அந்நகரைத் தலைநகராகக் கொண்ட நாடு, அத்திட்டத்தின் மிகப் பெரிய கொடையாளியிடமிருந்து 1956 வரையிலே பொருளாதார உதவி பெறவில்லை. வரலாறு இத்தகைய முரண்களை விரும்பித் தேடி அமைக்கின்றதோ என எண்ணத் தோன்றுகின்றது.

ஒப்பந்தம் அரிசியைக் கொண்டுவந்தபோதிலும் அரசாங்கத்தின் பணமுடையை நீக்கவில்லை. பங்கீட்டு அரிசிக்கு அரசாங்கம் கொடுத்துவந்த மானியம் வரவு செலவுத் திட்டத்தை அழுத்திற்று. மானியத்தைக் குறைக்குமாறு உலக வங்கியின் தூதுக்குழுவும் அறிவுரை கூறியிருந்தது. 1953 ஜூலையிலே ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. உயர்த்திய நிதி மந்திரி வேறு யாருமல்லர். மூன்றாண்டுகளுக்கு முன் வறுமையைப் போக்கக் கூடி முயல்வோம் என்று கொழும்பு மாநாட்டிலே எழுந்து பேசிய ஜயவர்த்தனாவே. ஆகஸ்டு 12ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. கடைகள் அடைபட்டன, புகையிரதங்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் மாண்டன. மந்திரிசபை துறைமுகத்திலே நின்ற பிரித்தானியக் கப்பலொன்றிலே கூடிற்று. பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா ஒக்டோபரிலே பதவி துறந்தார். அடுத்து வந்த அரசாங்கம் விலையை 55 சதமாகக் குறைத்தது. நாற்பத்தைந்து சத உயர்வு ஓர் அரசாங்கத்தின் தலைமையையே மாற்றிற்று. அந்த நாற்பத்தைந்து சதத்தைத் தாங்க எந்தச் சர்வதேச ஏற்பாடும் அன்று இருக்கவில்லை.

உதவியை இருவர் இருவராகப் பேசித் தீர்ப்பதை விட்டுக் கூட்டாகப் பங்கிட்டுக்கொள்ள ஆசிய நாடுகளுக்கு ஒருமுறை வாய்ப்பு வந்தது. 1955இலே அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஆசியப் பொருளாதார அபிவிருத்திக்கென 20 கோடி டொலர் நிதியொன்றை அமைக்கத் தமது காங்கிரசைக் கேட்டார். அதனை எவ்வாறு பயன்படுத்துவது என ஆலோசிக்க இந்தியா அவ்வாண்டு மே மாதத்திலே சிம்லாவிலே ஆசிய நாடுகளைக் கூட்டிற்று. பண்டுங் மாநாடு முடிந்து ஒரு மாதமும் ஆகவில்லை. ஆசிய ஒற்றுமையைப்பற்றிய முழக்கம் காதிலே ஒலித்துக்கொண்டிருந்த காலம். அப்படியிருந்தும் சிம்லாவிலே கூடியவர்கள் பொது அமைப்பு வேண்டாம், முன்போலத் தனித்தனியே பேசிக்கொள்வோம் என்றே முடிவு செய்தனர். பொது நிதி என்று வந்தால் பெரிய அயலவன் பெரும்பங்கைக் கொண்டுபோவான் என்று சிறிய நாடுகள் அஞ்சின. தமக்கு ஏற்கெனவே வரும் பங்கு குறைந்துவிடும் என்று வேறு சிலர் கருதினர். கொடையாளரைக் குறை சொல்லுமிடத்து இந்தச் சிம்லா முடிவையும் உடன்வைத்துப் பார்த்தல் நேர்மையாகும்.

தனித்தனியே பேசும் முறையின் கசப்பை இலங்கை எட்டாண்டுகளின் பின் மீண்டும் சுவைத்தது. 1962இலே அரசாங்கம் எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களிற் சிலவற்றை எடுத்துக்கொண்டது. நட்டஈடு உரிய காலத்திலே கொடுக்கப்படவில்லை எனக் கூறி, 1963 பெப்ரவரியிலே ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்குரிய உதவியை நிறுத்திற்று. இதற்கென அந்நாட்டிலே இயற்றப்பட்ட ஹிக்கன்லூப்பர் திருத்தச் சட்டம் முதன்முதலிலே பிரயோகிக்கப்பட்டது நமது நாட்டின் மீதே. 1965இலே அரசாங்கம் மாறி, நட்டஈட்டுக்கு உடன்பாடு கண்ட பின் உதவி மீண்டது. அவ்வாண்டிலேயே உலக வங்கியின் தலைமையிலே இலங்கைக்கு உதவும் நாடுகளின் குழுவும் அமைந்தது. அதன் பின் கொழும்புத் திட்டம் பின்தள்ளப்பட்டது. பெருந்தொகை பற்றிய பேச்சு வாஷிங்டனுக்கும் பாரிஸுக்கும் போயிற்று.

ஆனால் விலைபற்றிய கேள்வி மறைந்துபோகவில்லை. 1964இலே ஜெனீவாவிலே ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாடு கூடியபொழுது, ஆர்ஜென்டீன நாட்டுப் பொருளியலறிஞர் றவுல் பிரேபிஷ் அதனையே நடுவில் வைத்தார். மூலப்பொருள் விற்கும் நாடுகள் எவ்வளவு உழைத்தாலும் வாணிப நிலைமை அவற்றுக்குப் பாதகமாகச் சாய்கின்றது என்பது அவர் வாதம். 1952ஐ அனுபவித்த இலங்கையருக்கு அந்த வாதத்தை விளக்க ஏடு வேண்டியதில்லை. அம்மாநாட்டமைப்பின் செயலாளர் நாயகமாக 1974 முதல் 1984 வரை கடமையாற்றியவர் இலங்கைப் பொருளியலறிஞர் காமினி கொறயா. பண்டங்களின் விலை தளம்பாமற் காக்கப் பொதுநிதியொன்று வேண்டுமென்று அவர் பல்லாண்டு பாடுபட்டார். 1980இலே ஒப்பந்தமாகி 1989இலே அது நடைமுறைக்கு வந்தபொழுது, அவர் கருதியதன் நிழலாக மட்டுமே இருந்தது. அதற்குள் வெள்ளீய விலையைக் காத்துவந்த சர்வதேச ஏற்பாடு 1985இலே முறிந்துபோயிருந்தது, காலமும் மாறியிருந்தது.

கொழும்பு மாநாட்டிலே அமர்ந்திருந்தவர்களுள் மற்றொருவரின் பின்வரலாறும் குறிப்பிடத்தக்கது. லெஸ்டர் பியர்சன் 1963 முதல் 1968 வரை கனடாவின் பிரதம மந்திரியாக இருந்தார். ஓய்வு பெற்ற பின் உலக வங்கியின் வேண்டுகோளின்படி ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969இலே அறிக்கை வெளியிட்டார். செல்வ நாடுகள் தம் தேசிய உற்பத்தியிலே நூற்றுக்கு 0.7 பங்கை உதவியாக அளித்தல் வேண்டும் என்பது அதன் கூற்று. அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அவ்விலக்கை ஏற்றது. ஐரோப்பாவின் வடபகுதி நாடுகள் சிலவும் வேறு ஓரிரு நாடுகளுமே அதனை எட்டின. பியர்சனின் சொந்த நாடாகிய கனடா ஒருபொழுதும் எட்டவில்லை.

மூலையிற் கிடந்த அந்த 80 இலட்சம் பவுண் பற்றி முன்னரே குறித்தோம். அதிலிருந்து தொடங்கிய பயிற்சித் திட்டமே மனிதரிடையே ஆழமாகச் சென்றது. ஆசியாவின் பல பாகங்களிலிருந்தும் இளைஞரும் யுவதியரும் பொறியியல், வைத்தியம், தாதித்தொழில், விவசாயம், பொது நிருவாகம் முதலியன கற்கப் புறப்பட்டனர். 1980களின் நடுப்பகுதி வரையிலே அவுஸ்திரேலியாவுக்கு மட்டும் சென்றோர் சுமார் 20,000 பேர். அவுஸ்திரேலியா அன்று வெள்ளையரல்லாதார் குடியேறுவதைச் சட்டத்தினால் தடுத்துவைத்திருந்த நாடு. மாணவராக வரலாம், கற்று முடித்ததும் திரும்பிவிட வேண்டும். எனினும், மெல்பேண் நகரத்துக் குடும்பமொன்று தன் வீட்டிலே தங்கவைத்த மலாயா மாணவனையோ இலங்கை மாணவியையோ அறிந்த பின்னர், அச்சட்டத்தை முன்போல் நியாயமென்று கருதுதல் அக்குடும்பத்துக்கு எளிதாயிருந்திராது. 1966இலே அக்கொள்கை தளர்ந்தது, 1973இலே ஒழிந்தது. மாணவரின் வருகை மட்டுமே அதற்குக் காரணமென்பது மிகை. அதுவும் ஒரு காரணமென்பதை அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே ஒப்புகின்றனர். ஆசிய மக்களை அவர்களுடைய நாட்டிலேயே நிறுத்திவைக்க எண்ணித் தொடங்கிய உதவி, ஆசிய மக்களுக்குக் கதவைத் திறக்கவும் உதவிற்று. ஸ்பெண்டர் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கற்றவர்கள் யாவரும் திரும்பி வந்து தங்கிவிடவில்லை. 1960களின் பிற்பகுதியிலிருந்தே நமது வைத்தியரும் பொறியியலாளரும் கடல் கடந்து செல்லலாயினர். அவர்களுட் பலரை உருவாக்கிய செலவை ஏழை நாடுகளே ஏற்றிருந்தன. அச்செலவைக் கணக்கிட்டால், செல்வ நாடுகளுக்கு ஏழை நாடுகள் வழங்கிய உதவி என்றொரு பத்தியையும் பேரேட்டிலே சேர்க்க வேண்டிவரும். அதனை எவரும் சேர்ப்பதில்லை.

ஆறாண்டுக்கென்று தொடங்கிய திட்டம் ஐந்தைந்து ஆண்டுகளாக நீடிக்கப்பட்டு, 1980இலே கால எல்லையின்றித் தொடர்வதென முடிவாயிற்று. 1977இலே அதன் முழுப்பெயரிலே ஆசியாவும் பசிபிக்கும் இடம்பெற்றன. 1991இலே பிரித்தானியாவும் 1992இலே கனடாவும் விலகிக்கொண்டன. திட்டத்தைத் தொடங்கிய கொடையாளருள் இருவர் இல்லாமலே அது நடக்கின்றது. போதைப்பொருள் தடுப்பு, தொழிற்கல்வி, அரசாங்க உத்தியோகத்தரின் பயிற்சி என்பன அதன் இன்றைய வேலை. தொழில்நுட்ப ஆசிரியர்க்கென அமைத்த கல்லூரி சிங்கப்பூரிலே தொடங்கி 1987இலே மணிலாவுக்குப் போயிற்று; தலைமையகம் கொழும்பிலேயே இருக்கின்றது.

2014இலே அவுஸ்திரேலியா புதிய கொழும்புத் திட்டம் என்றொன்றைத் தொடங்கிற்று. பழைய திட்டத்தின் கீழ் ஆசிய மாணவர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றனர். புதியதன் கீழ் அவுஸ்திரேலிய மாணவர் தம் அரசாங்கத்தின் பணத்திலே ஆசிய நாடுகளுக்குக் கற்க வருகின்றனர்.